ஒப்பீட்டுக்கு ஓர் ஆள்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, மாசி இருபத்தேழு. விழித்ததும் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தேன். தலைச்சுற்றல் அடங்கும்வரை அப்படியே இருந்துவிட்டுக் காலைத் தரையில் வைத்தேன். மச்சான் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கழிவறைக்குப் போய்த் திரும்பினோம். பிரஷை நான் பிடித்துக்கொள்ள, பேஸ்ட்டை அவர் வைத்தார். தலையை நானே வாரிக்கொண்டேன். வகிடு கோணலாக வந்தது, விட்டுவிட்டேன். டீ கிடையாது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள்.

மதுரையில் அந்தப் பெரிய மருத்துவமனைக்கு வந்து அது மூன்றாவது காலை. இப்போது திருமங்கலத்தில் வீட்டில் இருக்கிறேன். உடம்பு ஒரு நிலையில் நிற்கிறது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது. என்னைப் போன்றவர்களுக்கும் அவர்களைத் தாங்குகிறவர்களுக்கும் பயன்படும் என்று அந்த ஒரு நாளை எழுதிவைக்கிறேன். பேனா பிடிக்க முடியாது. கணினியில் ஒற்றை விரலால் தட்டுகிறேன்.

என் பெயர் செல்வராணி. வயது நாற்பத்தெட்டு. திருமங்கலத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்த்தேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் அடித்துக் கொடுப்பேன். சொத்தின் நான்கு எல்லையில் ஒன்று தவறினாலும் எனக்குச் சோறு இறங்காது. என் நோய் முதலில் கையெழுத்தில்தான் தெரிந்தது. ஒரே நாளில் மூன்று பத்திரங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் மூன்றும் மூன்று பேர் போட்டதுபோல் இருந்தன. அடுத்து நடை தடுமாறியது. அதற்கும் அடுத்து, போனில் பேசினால் எதிர்முனையில் "தூக்கத்துல இருக்கீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்பாவுக்கும் இதே நடை இருந்தது. அவர் வாழ்நாளில் குடித்ததில்லை. ஆனாலும் குடிகாரர் என்று ஊரில் பெயர் வாங்கித்தான் போய்ச் சேர்ந்தார்.

போன வருடம் ஸ்கேன் எடுத்ததில் சிறுமூளை சுருங்கியிருப்பது தெரிந்தது. சிறுமூளை பின்மண்டையில் இருக்கிறது. கால் எவ்வளவு தூரம் எட்டு வைக்க வேண்டும், கை எங்கே நிற்க வேண்டும், நாக்கு எங்கே தொட வேண்டும் என்று அளவு பார்ப்பது அதன் வேலை. அந்த அளவுகாரன் மெல்ல மெல்லத் தேய்கிறான். நோய்க்கு அட்டாக்சியா என்று பெயர். மரபணுப் பரிசோதனையில் காரணமும் கிடைத்தது. மூன்றே எழுத்துள்ள ஒரு துண்டு எல்லோருடைய மரபணுவிலும் சில தடவைகள் அடுத்தடுத்து வருகிறதாம். என்னுடையதில் அது அளவு மீறி வருகிறது.

மச்சான் என்று நான் கூப்பிடுவது என் கணவர் ராசாங்கத்தை. வயது ஐம்பத்திரண்டு. மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். டாக்டர் இதைச் சொன்னதும் அவர், "காயில்ல சுத்து கூடிப்போன மாதிரி. பிரிச்சுக் கட்ட முடியாதா சார்?" என்று கேட்டார்.

"அதுதான் இன்னும் யாருக்கும் தெரியல," என்றார் டாக்டர். "இப்போதைக்கு விழாம இருக்கறதுதான் மருந்து."

மாசி தொடக்கத்தில் குளியலறையில் விழுந்தேன். அதனால்தான் இந்தச் சேர்க்கை. காப்பீட்டு அட்டையில் படுக்கை அடங்கியது; சில சோதனைகள் அடங்கவில்லை. எவை அடங்கும், எவை அடங்காது என்று ஒவ்வொரு ஜன்னலிலும் ஒவ்வொரு பதில் கிடைத்தது. மச்சான் ஜன்னல் ஜன்னலாக அலைந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனையில் நோயைவிட அதிகம் களைக்க வைப்பது பெஞ்சு. ஸ்கேனுக்கு ஒரு பெஞ்சு, ரத்தத்துக்கு ஒரு பெஞ்சு, விழுங்கும் சோதனைக்கு ஒரு பெஞ்சு. எதிலும் சாய்மானம் கிடையாது. என்னைப் போல் உட்கார்ந்த இடத்திலேயே ஆடுகிறவர்களுக்குச் சாய்மானம் எவ்வளவு பெரிய விஷயம் என்று பெஞ்சு செய்தவருக்குத் தெரிய நியாயமில்லை.

விழுங்கும் சோதனை என்பது தண்ணீர், கூழ், பிஸ்கட் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, அது உணவுக்குழாயில் இறங்குகிறதா, மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறதா என்று பார்ப்பது. எனக்குக் கூழும் பிஸ்கட்டும் ஒழுங்காக இறங்கின. தண்ணீர்தான் வழி தவறுகிறது. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, வாய் வாயாகக் குடிக்கச் சொன்னார்கள்.

பக்கத்துக் கட்டிலில் கோரிப்பாளையத்து ஜெய்புன்னிசா அக்கா. பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருந்தார். வலது கை மட்டும் இன்னும் வரவில்லை. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று காலை நந்தினி என்ற பெண் குழாய்களோடு வந்தார். ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்ப்பவர், சென்னையில் வளர்ந்தவர், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். என்ன ஆராய்ச்சி என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

"அம்மா, உங்க மரபணுல என்ன எழுதியிருக்குன்னு ஏற்கெனவே தெரியும். இப்போ நாங்க பாக்கறது, அந்த எழுத்துல இருந்து உங்க உடம்பு இன்னைக்கு எவ்ளோ நகல் எடுத்துட்டிருக்குங்கறதை."

நான் இதை என் தொழிலில் வைத்துப் புரிந்துகொண்டேன். மரபணு என்பது தாய்ப்பத்திரம். அது பெட்டிக்குள் இருக்கும், வெளியே வராது. வேலை நடப்பதெல்லாம் நகலில். செல் தனக்கு எந்தப் பக்கம் வேண்டுமோ அதற்கு மட்டும் நகல் போட்டு வேலைக்கு அனுப்புகிறது. அந்த நகலுக்குத்தான் ஆர்.என்.ஏ. என்று பெயர். ஒரு பக்கத்துக்கு நகல் கூடலாம், இன்னொன்றுக்குக் குறையலாம். அதை எண்ணிப் பார்ப்பதுதான் இந்த ஆராய்ச்சி.

"நோய் மூளையிலதான இருக்கு, ரத்தத்தை எதுக்கு எடுக்குறீக?" என்று மச்சான் கேட்டார்.

"மூளையைக் கிள்ளி எடுக்க முடியாதே சார்."

"அதுஞ் சரிதான்."

ரத்தத்தின் வெள்ளையணுக்களிலும் அதே தாய்ப்பத்திரம் இருக்கிறது. நோய் முற்ற முற்ற அங்கேயும் சில நகல்கள் கூடவோ குறையவோ செய்யலாம். அப்படி ஓர் அடையாளம் கிடைத்துவிட்டால், நாளை ஒரு மருந்து வரும்போது அது வேலை செய்கிறதா என்று பார்க்க நடை மோசமாகும்வரை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். எனக்கு இதனால் குணமில்லை, முடிவும் எனக்குத் தனியாகச் சொல்லப்படாது என்று நந்தினி ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

"ஒப்பிட்டுப் பாக்க நோய் இல்லாத ஒருத்தரும் வேணும்மா. அதே வீடு, அதே சாப்பாடு, கிட்டத்தட்ட அதே வயசு. ஆனா ரத்த சொந்தமா இருக்கக் கூடாது. அதனாலதான் வீட்டுக்காரர்கிட்ட கேக்கறோம். நீங்க ரெண்டு பேரும் ரத்த சொந்தமா?"

"இல்லங்க," என்றார் மச்சான்.

"இல்லை," என்றேன் நானும்.

மச்சானுக்கு உற்சாகம். அவர் ரத்ததானம் செய்து பழகியவர். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏன் தம்பி, நோவு பொண்டாட்டிக்கு. உனக்கு எதுக்கு ஊசி?" என்றார் ஜெய்புன்னிசா அக்கா.

"நான்தான்க்கா இங்க நல்ல சரக்கு. என்னைய வச்சுத்தான் இவளை அளக்கப் போறாக."

"யா அல்லா! இத்தன வருசமா அவ உன்னைய அளந்தது பத்தாதாக்கும்?"

முதலில் ஒரு சிறு குழாயில் கொஞ்சம் எடுத்து ஒதுக்கினார்கள். பிறகுதான் ஆராய்ச்சிக்கான குழாய். அதன் அடியில் தண்ணீர் போன்ற ஒரு திரவம் இருந்தது. ரத்தம் வெளியே வந்த பிறகும் செல்களுக்கு உயிர் இருக்கும். இடம் மாறிய திகைப்பில் அவை புதுப்புது நகல்களைப் போட ஆரம்பித்துவிடும். அதை எண்ணினால் உடம்பின் நிலை தெரியாது, குழாய்க்குள் பட்ட பாடுதான் தெரியும். அந்தத் திரவம் பட்டதும் எல்லாம் அந்த நொடியில் இருந்தபடியே நின்றுவிடுமாம். குலுக்கக் கூடாது. மெதுவாகக் கவிழ்த்து, நிமிர்த்து, மறுபடி கவிழ்க்க வேண்டும். என் குழாயும் அவர் குழாயும் ஒரே தட்டில் நின்றன. நிறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

அதற்குப் பிறகு இட்லி வந்தது. பிறகு பிசியோதெரபி. தரையில் ஒட்டியிருக்கும் ஒரு கோட்டின் மேல், முன்காலின் குதிகாலில் பின்காலின் விரல் தொடும்படி அடி மேல் அடி வைத்து நடக்கச் சொன்னார்கள். இரண்டு அடி வைத்தேன். மூன்றாவதை மச்சான் தோளில் வைத்தேன்.

மதியம் சாப்பிட்ட பிறகு நந்தினி மறுபடி வந்தார். குடும்ப மரம் வரைய வேண்டுமாம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் கண்டவர்களுக்குக் கறுப்பு. அப்பாவின் சதுரத்தைக் கறுப்பாக்கினார்.

"அப்பாவுக்குக் கூடப்பிறந்தவங்க?"

"ஒரே அக்கா. வீராயி."

"அவங்களுக்கு இந்த மாதிரி நடை இருந்துச்சா?"

"சின்ன வயசுலயே தவறிட்டாக. கடலை பிடுங்கப் போன எடத்துல பாம்பு கடிச்சிருச்சு. முப்பத்தாறு வயசு."

"அப்போ இருந்திருக்குமா, இல்லையான்னு சொல்ல முடியாது." நந்தினி வட்டத்துக்குள் கேள்விக்குறி போட்டார். "பிள்ளைங்க?"

"ஒரே பையன்."

"அவர் இப்போ எங்க இருக்கார்? முடிஞ்சா அவரைக் கண்டிப்பா பாக்கணும்மா."

கட்டிலின் கால்மாட்டில் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த மச்சான், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதுபோல் கையை உயர்த்தினார்.

"நான்தாம்மா அது."

நந்தினி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சார், காலைல ரத்த சொந்தம் இல்லன்னு சொன்னீங்களே?"

"ஆமா, இல்ல. எங்கம்மாவும் இவ அப்பாவும் அக்கா தம்பி. இவ எனக்கு மாமன் மக, முறைப்பொண்ணு. பங்காளியா இருந்தாத்தானம்மா ரத்தம்? பங்காளி வீட்டுல போயி எவனாச்சும் பொண்ணெடுப்பானா?"

அவர் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அப்பா வழியில் வருகிறவர்கள்தான் ரத்தம். அங்கே சாவு விழுந்தால் எங்களுக்குத் தீட்டு. மாமன் மச்சான் வீடு கொண்டு கொடுக்கிற இடம். அங்கே சாவு விழுந்தால் கோடித்துணி எடுத்துக்கொண்டு போவோம், தீட்டில்லை. இந்தக் கணக்கில்தான் பிறந்தோம், இந்தக் கணக்கில்தான் கட்டிக்கொண்டோம். வாரிசுச் சான்றிதழைப் பார்த்துப் பார்த்துப் பத்திரம் அடித்த எனக்கும் வேறு கணக்கு தோன்றவில்லை. "சொந்தத்தில் கட்டினீர்களா?" என்று கேட்டிருந்தால் இருவரும் உடனே ஆமாம் என்றிருப்போம். இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இது ஒன்றுதான்: டாக்டர் ரத்த சொந்தமா என்று கேட்டால் பங்காளியை மட்டும் நினைக்காதீர்கள். அத்தை மகனும் மாமன் மகளும் அதில் உண்டு.

நந்தினி எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த ஒற்றைக் கோட்டை இரட்டைக் கோடாக்கினார். சொந்தத்தில் கட்டியதற்கு அடையாளம் அது.

"அப்ப எனக்கும் இருக்குமா?" என்றார் மச்சான். சாத்துக்குடி அவர் கையிலேயே இருந்தது.

"உங்க அம்மாவுக்கு வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம் சார். வந்திருந்தா, அவங்ககிட்ட இருந்து உங்களுக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். இந்த வயசு வரைக்கும் எதுவும் இல்லங்கறது நல்ல விஷயம். ஆனா சில பேருக்கு லேட்டாவும் ஆரம்பிக்கும்."

"காலையில எடுத்த ரத்தம்?"

"அதை நோயில்லாதவங்க வரிசைல வைக்க முடியாது. உங்களை வெச்சு அம்மாவை ஒப்பிட்டா, கணக்கே தப்பாயிடும். நீங்க சம்மதிச்சா உறவினர் வரிசைல வைக்கிறோம். இல்லன்னா அழிச்சிடுவோம்."

"எடுத்ததை எதுக்கு அழிச்சுக்கிட்டு? இருக்கட்டும்." பிறகு கேட்டார்: "எனக்கு இருக்கா, இல்லையான்னு பாக்க இன்னொரு ஊசி போடணுமா?"

"அது வேற டெஸ்ட். அதை இன்னைக்கு எடுக்க மாட்டோம் சார். ஒரு தடவை தெரிஞ்சுட்டா, அப்புறம் தெரியாம ஆக்க முடியாது. வீட்டுக்குப் போங்க, பேசுங்க. ஒரு மாசம் கழிச்சும் வேணும்னு தோணுச்சுன்னா வாங்க. வேணாம்னாலும் அது உங்க உரிமை."

ஜெய்புன்னிசா அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சாயங்காலம் அவர் மருமகள் பள்ளிவாசலில் இருந்து நோன்புக்கஞ்சி வாங்கிவந்தபோது, "முதல்ல அந்தத் தம்பிக்கும் ராணிக்கும் ஊத்து," என்றார். கஞ்சி கெட்டியாக இருந்தது. தொண்டையில் தடங்கலில்லாமல் இறங்கியது.

டம்ளரைக் கழுவி வருவதாகச் சொல்லிவிட்டுப் போன மச்சானை வெகுநேரம் காணவில்லை. கட்டிலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தேன். வராந்தாவில், இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டின் மேல் அவர் நடந்துகொண்டிருந்தார். அடி மேல் அடி. கையில் டம்ளர்கள். கடைசிவரை போனார், திரும்பினார், மறுபடி வந்தார். காவலாளி நின்று பார்த்தார்.

"என்னண்ணே தேடுறீக?"

"ஒண்ணுமில்லப்பா. ஒரு நட்டு விழுந்துருச்சு."

காவலாளியும் குனிந்து கொஞ்ச நேரம் தேடினார்.

உள்ளே வந்ததும், "நட்டு கிடைச்சிருச்சா?" என்று கேட்டேன்.

"பாத்துட்டியா?" என்றார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நல்லாத்தானே நடக்கேன்?"

"நல்லாத்தான் நடக்கீக."

"எங்கம்மா நடை எனக்கு ஞாபகம் வரல ராணி. முகம் இருக்கு. குரல் இருக்கு. தண்ணிக் குடத்தோட வரப்புல வாரது இருக்கு. கால எப்படி வச்சுச்சுன்னு தெரியல. கால யாரு பாக்கா?"

என் பயம் இரண்டு. ஒன்று, எங்கள் ஒரே மகள் நிவேதா. என்னிடமிருந்து வரக்கூடியது ஏற்கெனவே அவள் தலைமேல் நிற்கிறது. இப்போது அப்பா பக்கமும் ஒரு கேள்வி. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். போனில் சொல்கிற விஷயமில்லை, ஞாயிற்றுக்கிழமை வரும்போது சொல்லலாம் என்று வைத்துவிட்டோம். இரண்டாவது பயம் சுயநலம். இந்த வீட்டில் நேராக நடக்கிற ஆள் இவர் ஒருவர்தான். என் உடம்பு முழுவதும் இவர் கையில்தான் நிற்கிறது. இவர் ஆடினால் நான் எதைப் பிடிப்பேன்?

"அந்த டெஸ்ட்ட எடுத்துப் பாத்துருவோமா?" என்றேன்.

"எடுத்து? இருக்குன்னு சொல்லிட்டா, ஸ்பேனர் கைதவறினாக்கூட அதுனாலதான்னு தோணும்."

"எடுக்காட்டி தோணாதா?"

யோசித்தார். "இனிமே தோணத்தான் செய்யும்," என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் தலை ஆட ஆரம்பிக்கும். வழக்கம்போல் பிடரியில் கைவைத்துப் பிடித்துக்கொண்டார்.

"இம்புட்டு அவசரம் எதுக்கு? ஒரு மாசம் இருக்குல்ல," என்றார். "நிவேதாவும் வரட்டும். அவளைக் கேக்காம நாம ரெண்டு பேரும் முடிவு பண்ணக் கூடாது. ஆனா ராணி, ஒண்ணு. இன்னையில இருந்து என்னைய மட்டும் நம்பிக்கிட்டு இருக்காத."

சாதாரணமாக, கரண்ட் பில் கட்டச் சொல்வதுபோல்தான் சொன்னார். அன்றைய தேதியில் நான் அடித்துவைத்த குறிப்பில் அந்த வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கிறேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக நர்ஸிடம் வாக்கர் கேட்டேன். சேர்ந்த அன்றே தருகிறோம் என்றுதான் சொன்னார்கள். எங்க வீட்டுக்காரர் இருக்கிறாரே, எதற்கு என்று நான்தான் வேண்டாமென்றேன். நான்கு கால் அலுமினியச் சட்டம். மச்சான் தன் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, என் இடுப்புக்குச் சரியாக உயரம் வைத்து, நான்கு கால்களையும் இறுக்கினார். ஒவ்வொன்றையும் அமுக்கி ஆட்டிப் பார்த்தார்.

"நான் பின்னாடியே வாரேன்," என்றார்.

"வேணாம் மச்சான். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். வாக்கரைத் தூக்கி வைத்தேன், காலை வைத்தேன். தூக்கி வைத்தேன், காலை வைத்தேன். கழிவறைக் கதவுவரை போனேன். அவர் உட்கார்ந்தே இருந்தாரா, எழுந்து நின்றாரா என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவேன்.